"சரியா பாக்கறதில்லீங்களாமா": காது மாறி வந்த புகாரை மேனேஜர் என்ன செய்வது?

எங்கள் திருப்பூர்ப் பக்கம் பேச்சின் வாலில் ஓர் 'ஆமா' ஒட்டிக்கொண்டே வரும். "மூணாவது டேபிள் அக்கா பீஸைச் சரியா பாக்கறதில்லீங்களாமா." ஏட்டில் எழுதினால் 'பார்ப்பதில்லையாம்'. நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், கேட்டதைச் சொல்கிறேன் என்பதெல்லாம் அந்த ஒரு அசைக்குள் அடங்கிவிடுகிறது. சொல்கிறவர் நேர்மையாகத்தான் சொல்கிறார். ஆனால் பேச்சு பேக்கிங்கிலிருந்து, ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசருக்கும், அவரிடமிருந்து என் கேபினுக்கும் வந்து சேர்வதற்குள் அந்த 'ஆமா' வழியில் எங்கேயோ உதிர்ந்துவிடும். என் மேஜைக்கு வரும்போது "மூணாவது டேபிள் அக்கா சரியா பாக்கறதில்ல" என்று தீர்ப்பாகவே வரும்.

நான் ஒரு பின்னலாடை ஏற்றுமதி யூனிட்டில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். ஆட்களைப் பற்றி என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படிக் காது மாறி வந்தவைதான். "அவன் மெஷின்ல உக்கார்றதே இல்லையாமா." "அந்தப் பொண்ணு போன்லயே இருக்குதாமா." இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு ஐந்தாறு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ஏதாவது ஒரு சமயம் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் நல்ல ஆள் ஒருவரை இழந்தேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கூப்பிட்டுக் கேட்டுவிடுவது

யோசிக்காமல் செய்யும் வழி இதுதான். "மனசுல வெச்சுக்காம நேரா கேட்டுட்டேன்" என்று சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும்.

குழந்தைகள் டி-சர்ட், 3,000 பீஸ் ஆர்டர். பேக்கிங்கில் தோள்பட்டைத் தையல் விட்ட பீஸ்கள் சில மாட்டின. தைத்த பீஸ்களில் குறை பார்க்கும் செக்கர் ஒவ்வொருவருக்கும் எங்களிடம் ஓர் எண் உண்டு. பார்த்து முடித்த பீஸில் அந்த எண் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். மாட்டிய பீஸ்களில் 14 இருந்தது என்று பேக்கிங் சூப்பர்வைசர் மெர்ச்சண்டைசரிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். அந்தப் பீஸ்களை நான் கண்ணால் பார்க்கவில்லை. சாயங்கால டீ நேரத்தில் 14-ஆம் எண் அக்காவைக் கேபினுக்குக் கூப்பிட்டேன்.

"உங்களைப் பத்தி ஒரு பேச்சு வருதுங்கக்கா. கொஞ்சம் கவனமாப் பாருங்க."

"யாருங்க சொன்னது?"

"அதெதுக்குங்க? நீங்க பாத்துச் செஞ்சாப் போதும்."

"செரிங். என்ன பீஸுங்க, எந்த பண்டில்ங்க?"

எனக்குத் தெரியவில்லை. அதைக்கூட விசாரித்து வைத்துக்கொள்ளாமல்தான் கூப்பிட்டிருந்தேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாளிலிருந்து அந்த டேபிளில் சத்தமே இல்லை. யார் போட்டுக்கொடுத்தது என்று நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனார், திங்கட்கிழமை வரவில்லை. வேலை தெரிந்த செக்கருக்கு எங்கள் ஊரில் அடுத்த தெருவிலேயே வேலை கிடைக்கும்.

பத்து நாள் கழித்து 14 ஸ்டிக்கரோடு இன்னொரு பீஸ் மாட்டியது. ஆள் போயாயிற்று, எண் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது! அப்புறம்தான் தோண்டிப் பார்த்தேன். அந்த அக்கா 5.30-க்கு ஒரு ஷிப்ட் முடிந்ததும் பிள்ளையை அழைக்கக் கிளம்பிவிடுவார். ஸ்டிக்கர் ரோல் டேபிளிலேயே கிடக்கும். 5.30-க்கு மேலும் இருந்து ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற புதுப்பெண் ஒருத்திக்கு நாங்கள் இன்னும் எண்ணே கொடுத்திருக்கவில்லை. அவள் கைக்குக் கிடைத்த ரோலை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

புகார் சொன்னவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. தையல் விட்டது உண்மை, எண்ணும் உண்மை, ஆள் மட்டும் தப்பு. காது மாறி வரும் புகார் என்றாலே யாரோ பொறாமையில் கிளப்பிவிட்டது என்று நினைக்கிறோம். அப்படிப்பட்டதைக் கண்டுபிடிப்பது சுலபம். நல்ல எண்ணத்தோடு, பாதி சரியாக வருகிற புகார்தான் ஆளை வீழ்த்துகிறது.

கூப்பிட்டுக் கேட்கிற வழியே கூடாது என்று சொல்லவில்லை. லேட்டாக வருகிறார், செட் பண்ணின மெஷினை அப்படியே விட்டுப் போகிறார் என்பது போல, அவரே உடனே பதில் சொல்லக்கூடிய சின்ன விஷயம் என்றால் கேட்டுவிடலாம். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். "எந்த பண்டில்?" என்று அவர் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூப்பிடுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

"பார்த்தவரையே வரச் சொல்லு"

இது கேட்கக் கொள்கை மாதிரி இருக்கும். நேரில் பார்த்தவர் வந்து சொன்னால் கேட்பேன், மற்றதெல்லாம் என் காதுக்கு வேண்டாம். ஏறக்குறைய சம நிலையில் இருப்பவர்கள் வேலை செய்யும் ஆபீஸில் இது எடுபடலாம். ஃப்ளோரில் எடுபடாது. ஒரு ஹெல்ப்பர் என் கேபின் கதவைத் தட்டி லைன் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது ஹிந்தி தெரிந்த சூப்பர்வைசர் வாய் வழியாகத்தான் எனக்கு வரும். புகாரே அந்தச் சூப்பர்வைசர் மேல் என்றால் எந்த வழியாக வரும்? சமையல்கார அம்மா வழியாகவோ ஹாஸ்டல் வார்டன் வழியாகவோதான். நேர்ச் சாட்சி மட்டும் போதும் என்று கதவைச் சாத்தினால், யார் மேல் புகார் சொல்லப் பயமோ அவருக்குத்தான் அது பாதுகாப்பு.

ஆனாலும் தட்டிவிட வேண்டிய ரகம் ஒன்று உண்டு. "அவ யார்கூடவும் பேசறதில்லை", "சீவிச் சிங்காரிச்சுட்டு வர்றா." இதனால் உங்கள் வேலைக்கு என்ன ஆயிற்று என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு பேரையும் வைத்துப் பேசுவது

நம் ஆட்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. "ரெண்டு பேரையும் கூப்புடுங்க, வெச்சுக் கேட்டுடலாம்." ஊர்ப் பஞ்சாயத்துப் பழக்கம். பார்க்க நியாயமாகவும் இருக்கும். கவனித்தால் அதில் ஒரு ஓட்டை தெரியும். புகாரைக் கொண்டுவந்தவர் தூதர், சாட்சி அல்ல. உண்மையில் பார்த்தவர் அந்த அறையிலேயே இல்லை. தூதரையும் குற்றம் சாட்டப்பட்டவரையும் எதிரெதிரே நிறுத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். "நான் அப்படிச் சொல்லலீங்க" என்று தூதர் பின்வாங்குவார். அல்லது, சொல்லிவிட்டோமே என்ற ரோசத்தில், தனக்குத் தெரியாததையும் தெரிந்த மாதிரி அடித்துப் பேசுவார். என் முன்னால் இரண்டுமே நடந்திருக்கின்றன.

ஒரே படியில் இருக்கும் இரண்டு பேருக்கிடையே வேலை இழுபறி என்றால் கதை வேறு. கட்டிங் மாஸ்டர் தாமதம் பண்ணுகிறாராம் என்று மெர்ச்சண்டைசர் வந்தால், "அவர்கிட்டயே கேட்டீங்களா?" என்பேன். கேட்டிருக்க மாட்டார். துணி ஈரத்தோடு வந்ததால் கட்டிங் நின்றது என்று அங்கே போனதும் தெரியும். இதற்கு நான் நடுவில் நிற்க வேண்டிய தேவையே இல்லை.

எழுதி வாங்குவது, மெமோ, விசாரணை

"எழுதிக் கொடுங்க, பாக்கலாம்" என்றால் பாதிப் புகார் காணாமல் போகும். அது பொய்ப் புகார் என்பதால்தான் போகிறது என்று நினைத்துக்கொள்வது மேனேஜர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம். எழுதத் தயங்குபவர், கையெழுத்துப் போடப் பயப்படுபவர், வேலை போகுமோ என்று யோசிப்பவர் எல்லாரும் அந்தப் பாதிக்குள் இருக்கிறார்கள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பலரும் தப்பாக வைத்திருக்கிறார்கள். கோர்ட்டில் வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. அதை வைத்து "கேள்விப்பட்டது செல்லாது" என்று ஹெச்ஆர் ஆட்களே சொல்வார்கள். ஆனால் கம்பெனியின் உள்விசாரணைக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது. ஹரியானா அரசு எதிர் ரத்தன் சிங் என்ற வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரத்தன் சிங் பேருந்து நடத்துநர். பணம் கொடுத்தும் டிக்கெட் கிடைக்காத பயணிகளைப் பறக்கும் படை பிடித்தது. அந்தப் பயணிகள் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள், விசாரணைக்கும் யாரும் வரவில்லை. படையின் இன்ஸ்பெக்டர் சொன்னதை வைத்து வேலையிலிருந்து நீக்கியது செல்லுமா என்பது கேள்வி. நியாயமான தொடர்பும் நம்பகத்தன்மையும் இருந்தால் உள்விசாரணையில் செவிவழிச் செய்தியையும் ஏற்கலாம் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பில் சொன்னார்.

எனக்கு இது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தியாகத் தெரிகிறது. காதால் கேட்டதை ஒதுக்கத்தான் வேண்டும் என்றில்லை. அதே சமயம், அந்த இன்ஸ்பெக்டர் வெறும் வதந்தியைக் கொண்டுவரவில்லை. பேருந்தை நிறுத்தி, டிக்கெட் இல்லாததைத் தானே பார்த்தவர். நான் 14-ஆம் எண் விஷயத்தில் அந்த அளவுகூடச் செய்யவில்லை.

பெயரில்லாமல் வரும் மொட்டைக் கடுதாசிக்கு அரசுத் துறையில் தனி வழக்கம். அதன் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-இல் சொன்னது. நடுவில் கொஞ்சம் தளர்த்தி, 2014-இல் மறுபடியும் இறுக்கியது. பழிவாங்கவும் பதவி உயர்வைத் தடுக்கவும் கடுதாசி எழுதுகிறவர்கள் இருக்கும் இடத்தில் அதன் காரணம் புரிகிறது. எங்கள் யூனிட்டில் யோசனைப் பெட்டியில் விழும் பெயரில்லாச் சீட்டை நான் கிழித்துப் போடுவதில்லை. அதில் ஆள் பெயர் இருந்தால் அதை மட்டும் மறந்துவிட்டு, எந்த இடத்தில் என்ன கோளாறு என்கிற பகுதியை எடுத்துக்கொள்வேன்.

மெமோ கடைசிப் படி. முதல் படியாக அதை எடுக்கிறவர்கள் உண்டு. மெமோ கொடுத்துவிட்டால், நடவடிக்கை எடுத்தாயிற்று என்று மேலிடத்துக்குக் காட்டலாம் அல்லவா.

நோட்டில் குறித்து வைத்துக் காத்திருப்பது

அமைதியான ஆட்களுக்குப் பிடித்த வழி, ஆபத்து வெளியே தெரியாத வழியும் இதுதான். மூன்று முறை ஒரே பெயர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. 11 மணி டீயில் ஒருவர் சொன்னதை மூன்று பேர் கேட்டு, மூன்று பேரும் தனித்தனியாக உங்களிடம் வந்தால் நோட்டில் மூன்று வரி ஏறும். பார்த்த கண் ஒன்றுதான். இன்கிரிமென்ட் நேரத்தில் அந்த நோட்டைத் திறந்தால், சம்பந்தப்பட்டவருக்கே தெரியாத ஒரு குற்றப்பத்திரிகை அதில் தயாராக இருக்கும். நான் குறித்துத்தான் வைக்கிறேன், மறுக்கவில்லை. தேதி, சொன்னவர், பார்த்தவர் என்று மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன். பார்த்தவர் யார் என்பது காலியாக இருந்து, ஒரு மாதத்துக்குள் நானும் சரிபார்க்கவில்லை என்றால் அடித்துவிடுகிறேன்.

போய்ப் பார்ப்பது

இப்போது நான் முதலில் எடுப்பது இதைத்தான். கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போது இரண்டு இடத்தில் சறுக்கும்.

முதல் சறுக்கல், புகார் வந்த ஆளை மட்டும் போய்ப் பார்ப்பது. எட்டு மணி நேரம் சிசிடிவி முன்னால் உட்கார்ந்து யாரைப் பார்த்தாலும் குற்றம் கிடைக்கும், என்னைப் பார்த்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும். எங்கள் தொழிலிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்பதற்கு ஏ.க்யூ.எல். என்று ஓர் அளவு உண்டு. 3,000 பீஸ் லாட் ஒன்றை ஏ.க்யூ.எல். 2.5-இல் பார்க்க வரும் பையரின் தரச் சோதகர் (க்யூசி), வழக்கமான சோதனை நிலையான லெவல் இரண்டில் 125 பீஸ் எடுப்பார். குறையுள்ள பீஸ் 7 வரை இருந்தால் லாட் பாஸ், 8 ஆனால் ரிஜெக்ட். எந்த அட்டைப்பெட்டியைப் பிரிப்பது என்பதை நாங்கள் கைகாட்ட விடமாட்டார். துணிக்கே இத்தனை மரியாதை. ஒரு மனுஷியின் மேல் தீர்ப்பு எழுத எனக்கு மெர்ச்சண்டைசரின் ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

இன்று 14-ஆம் எண் புகார் வந்தால் என்ன செய்வேன்? அந்த டேபிளின் நாலு செக்கர்களும் முடித்த பண்டில்களில் காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், 5.30-க்கு மேல் கொஞ்சம் எடுத்துப் பிரிப்பேன். முக்கால் மணி நேர வேலை. அன்றைக்கே அதைச் செய்திருந்தால், வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த அக்காவின் எண் இங்கே பீஸில் ஒட்டப்படுவது கண்ணில் பட்டிருக்கும். ஆளைத் தேடாமல் வேலையைத் தேடிப் போனால் ஸ்டிக்கர் ரோல் அகப்படுகிறது. ஆளைத் தேடிப் போனால் ஆள் மட்டும்தான் அகப்படுவார்.

இரண்டாவது சறுக்கல், பார்க்க முடியாததைப் பார்க்கப் போவது. "அந்தச் சூப்பர்வைசர் பொண்ணுங்களைக் கண்டபடி பேசறாராமா" என்று வருகிறது. நான் லைனில் போய் நின்றால் அவர் வாயில் தேன் ஒழுகும். இங்கே சிலரிடம் தனித்தனியாகப் பேச வேண்டியிருக்கும். "அவர் திட்டறாராமா?" என்று பெயரை எடுத்துக் கொடுத்துக் கேட்டால் நானே வதந்தியைப் பரப்பினதாக ஆகும். "லைன் எப்படிப் போகுது? என்ன மாத்தினா நல்லாருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால், இருப்பது தானாக வெளியே வரும்.

காத்திருக்கக் கூடாதவை

உடைந்த ஊசியின் துண்டைத் தேடாமலே மெஷினை ஓட்டுகிறார்களாம் என்றால் சொன்னது யார் என்று ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டேன். அது குழந்தை போடுகிற துணி. லைனை நிறுத்தி, உடைந்த ஊசிகளைக் குறித்து வைக்கும் ஊசி ரிஜிஸ்டரைக் கேட்பேன். தீ வாசல் முன்னால் பெட்டி அடுக்கியிருக்கிறதாம் என்பதும் அப்படித்தான்.

பாலியல் தொந்தரவு என்று காதில் விழுந்தால் மேலே சொன்ன எந்த வழியும் பொருந்தாது. போய்ப் பார்ப்பதும் கூடாது, வைத்துப் பேசுவது கூடவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். அந்தப் பெண்ணால் தர முடியாத நிலை என்றால், நடந்தது தெரிந்த வேறொருவர் அவருடைய எழுத்துச் சம்மதத்தோடு தர விதியில் இடம் இருக்கிறது. கேள்விப்பட்ட மேனேஜரின் வேலை, அந்தப் பெண்ணுக்கு இந்த வழி இருப்பது தெரியும்படி செய்வது, எழுத உதவி வேண்டுமென்றால் ஆள் பார்த்துத் தருவது. அதற்கு மேல் துப்பறியக் கூடாது.

பார்த்த பிறகு

குறை உண்மையாக இருந்தால் நான் பார்த்ததை மட்டும் பேசுவேன். "நேத்து நாலு மணி பண்டில்ல இருபது பீஸ் எடுத்தேங்க, மூணுல தையல் விட்டிருந்துச்சு. என்னாச்சுங்க?" கண் மங்கலாகத் தெரிகிறது, டியூப்லைட் ஒன்று எரிவதில்லை என்று பதில் வரலாம். "யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டால் இல்லை என்று பொய் சொல்வதில்லை. "பேச்சு வந்துச்சுங்க. அதை வெச்சு நான் ஒண்ணும் முடிவு பண்ணல. நான் பாத்தது இது" என்பேன். பெயர் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அதற்கப்புறம் நான் பார்த்ததாகச் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒன்றும் இல்லையென்று தெரிந்தால் அவரிடம் போய்ச் சொல்வதா, வேண்டாமா? எனக்குத் தெரிந்தவர்கள் சொல்லத்தான் வேண்டும் என்கிறார்கள், ஒளிவுமறைவு கூடாதாம். எதையும் பாதிக்காத பேச்சை எடுத்துப்போய்ச் சொல்லி ஒருவரின் தூக்கத்தைக் கெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பேச்சால் அவருடைய ஓ.டி., டேபிள், இன்கிரிமென்ட் ஏதாவது மாறியிருந்தால் மட்டும் சொல்லியே ஆக வேண்டும்.

கட்டாயம் திரும்பிப் போக வேண்டியது புகாரைக் கொண்டுவந்தவரிடம். "பாத்தேங்க, அப்படி இல்ல" என்று ஒரு வார்த்தை. இதைத்தான் யாரும் செய்வதில்லை. செய்யாவிட்டால் அவர் மனதில் அந்த அக்கா என்றைக்கும் சரியாகப் பார்க்காத அக்காதான்.

ஸ்டிக்கர் விவகாரம் தெரிந்ததும் அவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன், என் மேல்தான் தப்பு என்றேன், திரும்பி வரச் சொன்னேன். "செரிங், இங்கயே பழகிப்போச்சுங்" என்றார். இப்போதெல்லாம் 5.30-க்கு ரோலைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்தப் புதுப்பெண்ணுக்கும் எண் கொடுத்தாயிற்று. காலியாக இருந்தது 14 மட்டும்தான்.